உடனே சரி என்றுவிட்டார்

வீடு விற்பவர்களில் மூன்று வகை உண்டு. சொன்ன விலையில் ஒரு பைசா குறையாது என்று கும்பிட்டு அனுப்புகிறவர் முதல் வகை. அவரால் நமக்குத் தீங்கு ஒன்றும் இல்லை. தெருமுனைவரை திட்டிக்கொண்டே வந்து அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடலாம். வாரக்கணக்கில் இழுத்தடித்து, நடுவில் ஒருமுறை கோபித்துக்கொண்டு, "வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா என்னை உள்ளயே விடமாட்டா" என்று பெருமூச்சு விட்டு ஐம்பதாயிரம் குறைப்பவர் இரண்டாம் வகை. உத்தமர். அவரிடம் வாங்கியவன் அந்த ஐம்பதாயிரத்தின் கதையைப் பேரன் பேத்திவரை சொல்லிக்கொண்டிருப்பான். மூன்றாம் வகைக்காரர், நாம் கேட்ட விலைக்கு உடனே சரி என்றுவிடுவார். அவரிடம் வாங்குகிறவனுக்குத் தூக்கம் போய்விடும். எனக்கு அமைந்தவர் மூன்றாம் வகை.

மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு நிலத்தில் ஆறு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். இரண்டாவது மாடியில் 850 சதுர அடி. அவர்கள் சொன்ன விலை 65 லட்சம். புரோக்கர் படியேறும்போதே எனக்குப் பாடம் நடத்திவிட்டார். "சார், நீங்க அறுபத்திரெண்டுல ஆரம்பிங்க. அவரு முகம் சுளிப்பாரு. கண்டுக்காதீங்க. கடைசில அறுபத்துநாலுக்கு முடிச்சிடலாம்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு "அறுபத்திரெண்டு" என்றேன். வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற சாதுவான மனிதர், மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார். "சரி சார், எடுத்துக்குங்க" என்றார் அவர். முகம் சுளிக்கவில்லை. புரோக்கர்தான் சுளித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தாம்பாளம் வந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பக்கத்தில் என் 50,001 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ். அந்த ஒரு ரூபாய் மங்களத்துக்கு. மிச்ச ஐம்பதாயிரம் எதற்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று லட்சம் மிச்சம் பிடித்த சந்தோஷம் இரண்டாவது மாடியிலிருந்து தரைத்தளம்வரை நீடித்தது. வண்டியைக் கிளப்பும்போது பின்னாலிருந்து மனைவி கேட்டாள்: "ஏங்க, அவர் ஏன் உடனே சரின்னுட்டார்?"

இந்த ஒரு கேள்விக்கு மடிப்பாக்கத்திலிருந்து நங்கநல்லூர் வருவதற்குள் எங்களுக்கு ஏகப்பட்ட பதில்கள் கிடைத்தன. வீட்டில் தண்ணீர் இல்லை. மேல்தளம் ஒழுகுகிறது. பத்திரத்தில் தங்கச்சி பங்கு இருக்கிறது. ஏற்கெனவே வேறு ஒருவரிடம் டோக்கன் வாங்கிவிட்டார்கள். அந்த வீட்டில் யாரோ... இதற்கு மேல் வேண்டாம் என்று சிக்னலில் நிறுத்திச் சொன்னேன். பையனோடு இருக்க பெங்களூரு போகிறார்கள், அதனால் விற்கிறார்கள் என்று அவர்களே சொன்ன காரணம் மட்டும் எங்கள் பட்டியலில் இல்லை. அது நம்பும்படியாக இருந்ததே சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது.

படித்தவன் இம்மாதிரி நேரத்தில் சட்டத்தைப் புரட்டுவான். நானும் புரட்டினேன். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது: விற்பதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் தானாக உண்டாக்காது. கிரயப் பத்திரம் எழுதிப் பதிவானால்தான் வீடு கைமாறும். போதாக்குறைக்குத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையே பதிவு செய்தாக வேண்டும். நான் கொடுத்திருந்ததோ ஒப்பந்தத்துக்கும் முந்தைய டோக்கன். அதற்கு அத்தாட்சி ஒரு வெள்ளைத்தாளும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பும். ஆக, அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட எனக்குச் சொந்தமில்லை. கவலை மட்டும் சர்வ சுதந்திர பாத்தியதையோடு எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

டோக்கன் கொடுக்கும்வரை வாய் திறக்காத உறவினர்கள் டோக்கன் கொடுத்த மறுநாள் நிபுணர்களாகிவிடுவார்கள். முந்தின வாரம் "வீட்டை வந்து பாருங்களேன்" என்று கெஞ்சியபோது ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு ஆபீசில் ஆடிட். இப்போது எல்லோருக்கும் உடம்பு குணமாகிவிட்டது.

முதலில் வந்தவர் மாமனார். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட சர்வே எண் போட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார்.

"பட்டா யார் பேர்ல மாப்ள?"

"ஃபிளாட்டுக்குத் தனிப் பட்டா இல்ல மாமா. யு.டி.எஸ்.தான்."

"அப்படின்னா?"

"நிலத்துல பிரிக்கப்படாத பாகம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆறு வீடு. நமக்கு 400."

"அந்த 400 எங்க இருக்கு? காட்டுங்க."

காட்ட முடியாது என்பதுதான் யு.டி.எஸ்ஸின் தத்துவம். நம் நாட்டில் இறைவனுக்கு அடுத்தபடியாக எங்கும் இருந்து எங்கும் காட்ட முடியாமல் இருப்பது அது ஒன்றுதான். ஆனால் பழைய ஃபிளாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. கட்டடத்தின் மதிப்பு வயதாக ஆக இறங்கிக்கொண்டே வரும், ஏறுவது நிலம். நாளை இடித்துக் கட்டினால் அந்த 400-ஐ வைத்துத்தான் நம் பங்கு. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். மாமனார் 62 லட்சத்தை 400-ஆல் வகுத்தார்.

"அடி 15,500 ரூபாய் ஆகுது. மாப்ள, இந்த ஒரு அடி விலைக்கு இதே மடிப்பாக்கத்துல நான் முழு கிரவுண்டே வாங்கியிருப்பேன், தெரியுமா?"

"ஏன் மாமா வாங்கல?"

"பட்டா கிளியரா இல்ல."

அடுத்து மச்சினன். கணினிக்காரன். அவனுக்கு எந்தத் துயரமும் எக்செல்லில்தான் புரியும். "அத்தான், 45 லட்சம் லோன், எட்டரை பர்சென்ட், 20 வருஷம்" என்று தட்டினான். மாதத் தவணை 39,052 ரூபாய் என்று வந்தது. மொத்தம் கட்டப்போவது சுமார் 93 லட்சத்து 72 ஆயிரம். "அசலைவிட வட்டி அதிகம். நீங்க பேங்குக்கு ஒரு வீடு, உங்களுக்கு ஒரு வீடு வாங்கறீங்க. அதுல பேங்க் வாங்கற வீடு பெருசு." இப்போது நான் கொடுக்கும் வாடகை 20,000. மீதியை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் 20 வருடம் கழித்து என்ன வரும் என்று ஒரு கட்டத்தைக் காட்டினான். எண் கட்டத்துக்குள் அடங்காமல் வெறும் வேலிக்குறிகளாகத் தெரிந்தது. கட்டத்தை அகலப்படுத்தினான், எனக்கு மயக்கம் வந்தது.

"அப்ப நீ ஏம்ப்பா பெரும்பாக்கத்துல ஃபிளாட் வாங்கினே?"

எக்செல்லை மூடினான். "வீட்டுல கேக்கல அத்தான்."

அம்மாவின் கவலை திசைகளைப் பற்றியது. சமையலறை அக்னி மூலையில் இருக்கிறதா, ஈசானி மூலையில் எதுவும் அசுத்தமாக இல்லையே, வாசல் எந்தப் பக்கம். வீட்டுக்காரரிடம் கெஞ்சி இன்னொரு முறை உள்ளே போனோம். கூடத்தின் நடுவில் நின்று என் போனில் திசைகாட்டியைத் திறந்தேன். வாசல் கிழக்கு. மனைவியின் போனில் வடகிழக்கு. மச்சினனின் விலையுயர்ந்த போனில் தெற்கு. சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் ஜன்னல் கிராதியும் காந்தமுள்ளை இழுக்கும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போனால் என் வடக்கும் இடம் மாறியது. வீட்டுக்காரர் எங்களை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா மொட்டைமாடிக்குப் போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு, "கிழக்குதான்டா" என்று தீர்ப்புச் சொன்னாள். சூரியனுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

உறவினர்களைச் சமாளித்தாலும் ஆபீஸ் இருக்கிறது. அங்கே கவலை தண்ணீரைப் பற்றியது. சென்னையில் எந்த வீட்டுக்கும் இரண்டு மார்க் ஷீட் உண்டு. 2015 டிசம்பரில் மூழ்கியதா என்பது ஒன்று. 2019 ஜூனில் காய்ந்ததா என்பது மற்றொன்று. முதலாவதில் அடையாறு வீட்டுக்குள் வந்தது. இரண்டாவதில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எல்லா வீடுகளுக்கும் மறுதேர்வு வைத்துவிட்டுப் போனது. வேறு ஊர்க்காரர்கள் வெள்ளம் வரும் வீடா, வறட்சி வரும் வீடா என்று ஏதாவது ஒன்றைக் கேட்பார்கள். நாங்கள் ஒரே வீட்டைப் பற்றி இரண்டையும் கேட்போம். இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் "பரவால்ல, ஏரியா நல்லா டெவலப் ஆயிருக்கு" என்போம்.

மழைத்தண்ணீர் நிற்குமா என்று புரோக்கரிடம் கேட்டேன். டோக்கனுக்கு முன்பும் கேட்டிருந்தேன். அப்போது "இந்த ஏரியாவுலயே மேடு சார் இது" என்றிருந்தார். இப்போது பதில் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தெருவுல லேசா நிக்கும் சார். நீங்க செகண்ட் ஃப்ளோர். உங்களுக்கு என்ன?"

"கார்?"

"அதுக்குத்தான் சார் மேம்பாலம் இருக்கே."

அவர் கிண்டல் செய்யவில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்கள் ஏறி நின்றதை ஊரே பார்த்தது. மேம்பாலத்தைப் போக்குவரத்துக்காகக் கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அன்று திருந்தினார்கள்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆறுதலாக, "பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்துல சார், 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. சர்வதேச அங்கீகாரம். ஃபிளமிங்கோ எல்லாம் வரும்" என்றார். இதை மகிழ்ச்சியோடு வீட்டில் வந்து சொன்னேன். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அது தண்ணி இருக்கற எடத்துக்குத்தான் வரும் மாப்ள" என்றார்.

இதற்கிடையே என் கைபேசி வேறு எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. வீடு தேடும் செயலியில் ஒரு வருடமாகக் கண்ணை நட்டிருந்தபோது மெயின் ரோட்டுக்கு மேலே தொங்கும் வீடுகளையும், குளியலறை வழியாகப் படுக்கையறைக்குப் போகும் வீடுகளையும் காட்டிக்கொண்டிருந்த அது, டோக்கன் கொடுத்த நாளிலிருந்து அழகழகான வீடுகளாக அனுப்ப ஆரம்பித்தது. காற்றோட்டம், கார் நிறுத்தம், கிழக்கு வாசல், 58 லட்சம். பார்க்கக் கூடாது என்று நினைப்பேன். பார்ப்பேன். பார்த்துவிட்டு மனைவியிடம் சொல்லக் கூடாது என்று நினைப்பேன். அவளே அதே வீட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பாள். நாங்கள் இருவரும் ஒரே கட்டிலில் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்து, ஒருவருக்கொருவர் வீடு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

வீட்டை வாங்கும் முன் ராத்திரியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சரியான அறிவுரைதான். வீடு காட்டுகிறவர்கள் எப்போதும் சனிக்கிழமை பதினொரு மணிக்குத்தான் காட்டுவார்கள். அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட நாகரிகமாகத் தூங்கும். ராத்திரி போனபோது நாய்கள் ஷிப்டில் இருந்தன. தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம் இருப்பது அதன் ஒலிபெருக்கி சொல்லித்தான் தெரிந்தது. எதிர் காம்பவுண்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரி வண்டியை மூடிக்கொண்டிருந்தவர் "யாரு சார் வேணும்?" என்றார். "யாரும் வேண்டாம், இந்த வீட்டை வாங்கப் போறேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பகல்ல வந்து பாருங்க சார், இன்னும் நல்லா தெரியும்" என்றார். நியாயம்.

ஒரு விஷயம் மட்டும் அன்று விசித்திரமாக இருந்தது. மணி பதினொன்றைத் தாண்டியும் இரண்டாவது மாடியில் விளக்கு எரிந்தது. கூடத்தில் யாரோ குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். வயதானவர்கள் இவ்வளவு நேரம் விழித்திருந்து என்ன செய்கிறார்கள்? அதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

பட்டியலோடு வக்கீலிடம் போனேன். வங்கிக்கென்று ஒரு வக்கீல் சட்டக் கருத்து கொடுப்பார். அது கடனுக்குப் பாதுகாப்பு. எனக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நானே ஒருவரைப் பிடித்தேன். அவர் என் பட்டியலை வாங்கிப் பென்சிலால் இரண்டாகப் பிரித்தார். "பேப்பர் பதில் சொல்ற கேள்வியை என்கிட்ட குடுங்க. மத்ததை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய பக்கம்தான் நீளமாக இருந்தது.

அவர் பக்கத்துக் கேள்விகள் சாதாரணமானவை. முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், தாய்ப் பத்திரம், நிலத்துக்காரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கட்டியவருக்குக் கொடுத்த பவர் பத்திரம், சொத்துவரி ரசீது, மின் இணைப்பு. வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஆனந்தக் கூத்தாட வேண்டாம் என்றார் வக்கீல். பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாமல் கைமாற்றாகப் பத்திரத்தை அடகு வைத்திருந்தால் வராது. கோர்ட்டில் பங்காளி வழக்குப் போட்டிருந்தால் பெரும்பாலும் வராது. அதனால்தான் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும், பத்திரிகையில் பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தது. மடிப்பாக்கம் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. கட்டடம் அதற்கு முந்தையது என்பதால் வரைபட அனுமதியில் ஊராட்சி முத்திரை. வரைபடத்தில் பால்கனி என்றிருந்த இடத்தில் நேரில் ஜன்னல் வைத்த படிப்பறை இருந்தது. அது ஒன்றுதான் குறை. சென்னையில் பால்கனி பால்கனியாகவே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று வக்கீல் சொன்னார்.

காகிதம் சுத்தம் என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எல்லாம் இவ்வளவு சரியா இருக்குன்னா ஏங்க உடனே சரின்னுட்டார்?" என்றாள் மனைவி.

ஒருநாள் ராத்திரி துணிந்து, விட்டுவிடலாமா என்று பேசினோம். விட்டால் டோக்கன் போய்விடும். 50,001 ரூபாயை இழக்க மனம் வராமல் 62 லட்சத்தைக் கொடுப்பது புத்திசாலித்தனமா என்று கேட்டேன். மனைவி வெகுநேரம் யோசித்து, "அந்த ஒரு ரூபாயையாவது திருப்பிக் கேக்கலாமா?" என்றாள். அப்போதுதான் அந்த ஐம்பதாயிரம் எதற்கு என்று விளங்கியது. வீட்டை நமக்காகப் பிடித்து வைக்கத்தான் டோக்கன் கொடுக்கிறோம் என்று எண்ணியிருந்தேன். அது நம்மைப் பிடித்து வைக்கிறது. அது மட்டும் இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒருவனும் வீடு வாங்கியிருக்க மாட்டான். எல்லோரும் சந்தேகத்தோடு வாடகை வீட்டில் செத்துப்போயிருப்போம்.

பதிவு நாள் வந்தது. அம்மா பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த வெள்ளிக்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்தது. ஆனால் காலை பத்தரைக்கு மேல். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். முகூர்த்த நாள்களில் பதிவுத் துறையே கூடுதல் டோக்கன் ஒதுக்குகிறது. ஆக அரசாங்கத்துக்கு முகூர்த்தத்தில் நம்பிக்கை உண்டு, ராகு காலத்தில் இல்லை. அலுவலகத்தில் எப்படியும் பன்னிரண்டுக்கு முன் கூப்பிட மாட்டார்கள் என்று புரோக்கர் அம்மாவைத் தேற்றினார். அவர் சொன்னதில் அப்படியே பலித்தது அது ஒன்றுதான்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 4,34,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 1,24,000. மொத்தம் 5,58,000 ரூபாய். மூன்று லட்சம் குறைத்துவிட்டேன் என்று மார்தட்டியவன், ஒரு வார்த்தை பேரம் பேசாமல் அதை அரசாங்கத்துக்குக் கட்டினேன். அரசாங்கம் முதல் வகை.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். என் விஷயத்தில் 62,000. இதைச் சொன்னபோது வீட்டுக்காரரின் முகத்தில் முதல்முறையாக ஒரு சுளிப்பைப் பார்த்தேன். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

"என் பணத்துல நீங்க ஏன் சார் பிடிக்கணும்?"

"சட்டம் சார். உங்க பான் நம்பர்லதான் வரவாகும்."

"என் தம்பி சொன்னான், ஏதாவது பிடிப்பாங்கன்னு."

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா இதற்காகவே காத்திருந்ததுபோல் என் மனைவியிடம் திரும்பினார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ஏன் உடனே டோக்கனை எடுத்து வெச்சுட்டார்?"

விஷயம் வெளியே வந்தது. நாங்கள் படியிறங்கிய அன்று மாலையே அவர்களுடைய சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். 62 லட்சத்துக்கு ஒருவன் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து வைக்கிறான் என்றால் வீடு 70 போகும் என்றார் தம்பி. மாதவரம் முதல் சோழிங்கநல்லூர்வரை வரும் மெட்ரோ மடிப்பாக்கம் வழியாகத்தான் போகிறது. வாங்குகிறவனுக்கு உள்விவரம் ஏதோ தெரிந்திருக்கிறது என்றார் சம்பந்தி. ராத்திரியில் ஒரு ஆள் எதிர் காம்பவுண்டில் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததாக இஸ்திரிக்காரர் வேறு சொல்லியிருக்கிறார். கூடத்துக்கு நடுவில் மூன்று போன்களை வைத்துக்கொண்டு நாங்கள் சுற்றி வந்தது, சுவருக்குள் புதையல் தேடத்தான் என்பது அந்த அம்மாவின் முடிவு. அன்றிலிருந்து அவர்களுக்கும் தூக்கம் இல்லை. விளக்கு எரிந்ததற்குக் காரணம் நான்தான்.

பதிவாளர், "பணம் முழுக்க வந்துதா? சம்மதம்தானா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் தலையாட்டினார். நான் கேட்காமலே தலையாட்டினேன். புகைப்படம் எடுத்தார்கள், கைரேகை எடுத்தார்கள். அந்தப் படத்தில் விற்றவர், வாங்கியவர் இருவர் முகத்திலும் ஏமாந்தவர் முகபாவம் அச்சு அசலாக ஒன்றே. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிய புரோக்கர் மட்டும் பெஞ்சில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். கூடவே இன்னொரு துருப்பிடித்த சாவி, ஒரு நீள நோட்டு.

"இது என்ன சார்?"

"மோட்டார் ரூம் சாவி. நோட்டுல மெயின்டனன்ஸ் கணக்கு இருக்கு. கிரவுண்ட் ஃப்ளோர்காரர் மொட்டைமாடி ரிப்பேருக்குத் தரமாட்டேங்கறார். ரெண்டு வருஷ பாக்கி. ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல, அவர் தந்தாத்தான் நாங்க தருவோம்கறாங்க. சங்கத்துக்கு நான்தான் செகரெட்டரி. வீட்டோட வந்தது சார். நான் வாங்கினப்ப எனக்கும் இப்படித்தான் குடுத்தாங்க."

சொல்லிவிட்டு அவர் ஆட்டோவில் ஏறினார். ஏறும்போது பத்து வயது குறைந்திருந்தார். அவர் ஏன் உடனே சரி என்றார் என்பது எனக்கும் மனைவிக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

முப்பது வருட வில்லங்கத்தில் இது இல்லை. இரண்டு வக்கீல்களும் பிடிக்கவில்லை. மாமனார், மச்சினன், அம்மா, ஆபீஸ், செயலி என்று இத்தனை பேர் சந்தேகப்பட்டதில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. மழையிலும் தண்ணீர் படிக்கட்டோடு நின்றுவிட்டது. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி "சார், மோட்டார் போடலையா?" என்று கேட்கிறார்கள். டேங்க் நிரம்பி வழிந்தாலும் என் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே வீடு வாங்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சந்தேகப்படுங்கள், ஆனால் டோக்கனுக்கு முன்னால் படுங்கள், அப்போது அது இலவசம். காகிதம் பதில் சொல்லும் கேள்விகளைக் காகிதத்திடம் கேளுங்கள். மழை நாளில் ஒருமுறை, ராத்திரியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எதிர் காம்பவுண்டில் நிற்காதீர்கள். விலையைச் சொன்னதும் அவர் சரி என்றால் அவரும் உங்களைப் போலப் பயந்தவர் என்று விட்டுவிடுங்கள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, புறப்படும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் ஒரு கேள்வி கேளுங்கள்: "சங்கத்துக்கு யார் சார் செகரெட்டரி?" அவர் ஜன்னலைப் பார்த்தால் இன்னும் இரண்டு லட்சம் குறைத்துக் கேளுங்கள். கொடுத்துவிடுவார்.